வீட்டு மேசையில் ஒரு நுண்ணோக்கி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நுண்ணோக்கியைப் பொழுதுபோக்காகப் பழக விரும்புவோர் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, ஊர்ப் பெயரை மட்டும் குறித்துப் பதில் தருகிறேன். கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ஆண்டுகளில் நான் நுண்ணோக்கியில் பார்த்ததைவிட, ஓய்வு பெற்ற பிறகு வீட்டு மேசையில் பார்த்ததே மிகுதி. ஆகவே ஆய்வகப் பாடமாக அல்லாமல் வீட்டில் செய்து பார்த்த அனுபவமாகவே இவற்றை எழுதுகிறேன்.

தஞ்சாவூர் வாசகர்: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அறிவியல் படிப்பைப் பள்ளியோடு விட்டுவிட்டேன். கண்ணாடியும் அணிகிறேன். இந்த வயதில் நுண்ணோக்கியைத் தொடுவது பொருத்தமாக இருக்குமா?

நுண்ணுயிர்களை உலகுக்கு முதலில் காட்டியவரே ஒரு வணிகர்தான். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்துவந்த லீவன்ஹூக், பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். அக்கால அறிஞர்களின் மொழியான லத்தீனும் அவருக்குத் தெரியாது. 1673-ஆம் ஆண்டு அறிவியலாளர் சங்கமான லண்டன் ராயல் சொசைட்டிக்கு அவருடைய முதல் கடிதம் சென்றபோது அவருக்கு நாற்பது வயது நிறைந்திருந்தது. அதன்பின் 1723-இல் மறையும் வரை, ஐம்பது ஆண்டுகள், தாம் கண்டதைத் தம்முடைய தாய்மொழியில் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். மிளகு ஏன் நாக்கில் உறைக்கிறது என்று அறிய விரும்பி, மிளகை நீரில் ஊறவைத்துச் சில வாரங்கள் கழித்துத் தாமே செய்த ஒற்றை லென்ஸின் வழியாகப் பார்த்தார். காரத்துக்கு விடை கிடைக்கவில்லை. அதுவரை எவரும் கண்டிராத அளவுக்குச் சிறிய உயிர்கள் அந்த நீரில் நீந்துவதைக் கண்டார். 1676-இல் அவர் அனுப்பிய அந்தக் கடிதத்தைப் படித்தவர்கள் எளிதில் நம்பவில்லை. அடுத்த ஆண்டு அந்தச் சொசைட்டியைச் சேர்ந்த ராபர்ட் ஹூக் தாமும் மிளகு நீர் ஊறவைத்துப் பார்த்து உறுதி செய்த பின்பே ஏற்றுக்கொண்டார்கள்.

வங்கியில் எண்களைப் பொறுமையாகச் சரிபார்த்த உங்கள் கண்ணுக்கும் கைக்கும் இந்தப் பழக்கம் எளிதில் வரும். கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் இருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம், நுண்ணோக்கியின் திருகே அந்தக் குறையை ஈடு செய்துவிடும். சிதறல் பார்வை இருந்தால் மட்டும் கண்ணாடியோடு பாருங்கள். ஒரு கண்ணால் பார்க்கும் கருவியாக இருந்தாலும் இரு கண்களையும் திறந்தே வைத்திருக்கப் பழகுங்கள். முதல் சில நாள்கள் தொல்லையாக இருக்கும். பழகிய பின் ஒரு மணி நேரம் பார்த்தாலும் கண் வலிக்காது.

கோயம்புத்தூர் வாசகி: பத்து வயது மகன் நுண்ணோக்கி கேட்கிறான். இணையக் கடையில் '1200 மடங்கு' என்று போட்ட பிளாஸ்டிக் கருவி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். இந்த ஒரு கேள்வியைத்தான் மிகப் பலர் கேட்டிருக்கிறார்கள் என்பதால் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு படத்தை எத்தனை மடங்கு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். ஆனால் பெரிதாக்குவதால் மட்டும் புதிய விவரம் தோன்றிவிடாது. அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டும் திறமையைப் பிரிதிறன் என்கிறோம். அதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை ஜெர்மனியின் யெனா நகரில் இருந்த எர்ன்ஸ்ட் அபே 1873-இல் விளக்கினார். ஒளியின் அலைநீளம், லென்ஸ் எவ்வளவு அகலமான கூம்பாக ஒளியைத் திரட்டுகிறது என்னும் இரண்டும் சேர்ந்தே அந்த எல்லையை முடிவு செய்கின்றன. மிகச் சிறந்த சாதாரண ஒளி நுண்ணோக்கியிலும் ஏறத்தாழ 0.2 மைக்ரானுக்குக் குறைவான இடைவெளி தெரியாது. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

லென்ஸ் ஒளியைத் திரட்டும் திறமை அதன் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். நல்ல மாணவர் நுண்ணோக்கியின் பொருளருகு லென்ஸ் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் '40/0.65' என்று இருக்கும். 40 என்பது மடங்கு, 0.65 என்பது நான் சொல்லும் திறமை, அதாவது என்.ஏ. (நியூமெரிக்கல் அப்பர்ச்சர்). அந்த எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் வரும் மடங்குக்கு மேல் பெரிதாக்குவது வெறும் வீக்கம் என்பது நுண்ணோக்கியாளர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. 0.65 உள்ள லென்ஸுக்கு அந்த வரம்பு 650 மடங்கு. பிளாஸ்டிக் கருவியின் லென்ஸில் இப்படி ஓர் எண்ணே பொறித்திருக்காது. அது காட்டும் 1200 மடங்கு மங்கலைப் பார்த்துவிட்டு, தன் கண்ணில்தான் குறை என்று குழந்தை நினைத்துக்கொண்டு கருவியை அலமாரியில் வைத்துவிடும். அதுதான் எனக்கு வருத்தம்.

பத்து வயதுக்கு முதலில் ஃபோல்ட்ஸ்கோப் வாங்கித் தாருங்கள். மீரட்டில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற மனு பிரகாஷும் அவருடைய குழுவினரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2014-இல் வெளியிட்ட தாள் நுண்ணோக்கி அது. ஒரு சிறிய கண்ணாடி மணிதான் லென்ஸ்; ஏறத்தாழ 140 மடங்கு காட்டும்; சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரைக்கே போகலாம். அவனுக்கு ஆர்வம் நிலைத்தால் அடுத்து 4, 10, 40 மடங்குக் கண்ணாடி லென்ஸ்களும், பொருளின் மேல் ஒளியைக் குவிக்கும், உயர்த்தித் தாழ்த்தக்கூடிய கண்டென்சரும், எல்.இ.டி. விளக்கும் உள்ள மாணவர் நுண்ணோக்கி ஒன்றை வாங்கலாம். நம் கல்லூரி ஆய்வகங்களுக்கு வரும் கருவிகளில் பல ஹரியானாவின் அம்பாலா நகரில் செய்யப்படுபவை. கடையிலேயே ஒரு வெங்காயத் தோலை வைத்துப் பார்த்து, நுண்திருகைச் சுற்றும்போது படம் பக்கவாட்டில் நகராமல் இருக்கிறதா என்று சோதித்து வாங்குங்கள். கண்ணாடி லென்ஸ் உள்ள பழைய கருவி நல்ல நிலையில் கிடைத்தால் அதுவும் நன்றே. கண்ணாடியைத் திருப்பி ஒளி பெறும் பழைய மாதிரியாக இருந்தால், அதை நேரடியாகச் சூரியனை நோக்கித் திருப்பக் கூடாது என்பதை மட்டும் அவனுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்; விழித்திரை எரிந்துபோகும்.

சேலம் மாணவர்: நல்ல கருவிதான் வாங்கினேன். 10 மடங்கு லென்ஸில் தெளிவாகத் தெரிவது, 40 மடங்கு லென்ஸுக்கு மாறியதும் பால் போல் வெளுத்து மங்கிவிடுகிறது. லென்ஸ் பழுதா?

பெரும்பாலும் லென்ஸ் பழுதாக இருப்பதில்லை. முதலில் ஸ்லைடை, அதாவது பொருளை வைக்கும் கண்ணாடித் தகட்டை, தலைகீழாக வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஸ்லைடின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். 40 மடங்கு லென்ஸோ பொருளிலிருந்து அரை மில்லிமீட்டர் அளவு தள்ளி நின்றுதான் பார்க்க முடியும். பொருளை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப் கீழ்ப்பக்கம் போய்விட்டால் சிறிய லென்ஸ்களில் எல்லாம் சரியாகவே தெரியும், 40-இல் மட்டும் எவ்வளவு திருகினாலும் தெளிவு வராது. அடுத்து, கவர் ஸ்லிப் போட்டிருக்கிறீர்களா என்பது. லென்ஸில் '160/0.17' என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். 160 என்பது குழலின் நீளத்தையும் 0.17 என்பது கவர் ஸ்லிப்பின் கனத்தையும் மில்லிமீட்டரில் குறிப்பவை. அந்த மெல்லிய கண்ணாடி இருக்கும் என்று நம்பியே லென்ஸைக் கடைந்திருக்கிறார்கள். இரண்டு கவர் ஸ்லிப்புகள் ஒட்டிக்கொண்டிருந்தாலும், நீர் மிகுந்து கவர் ஸ்லிப் மிதந்தாலும் படம் கெடும்; நீர் மிகுந்திருந்தால் ஓரத்தில் வடிதாளை ஒற்றி எடுங்கள்.

இவை சரியாக இருந்தால் லென்ஸின் முகப்பை ஒரு கைலென்ஸால் பாருங்கள். குட்டை நீரில் ஒருமுறை தோய்ந்து காய்ந்திருந்தாலே போதும், படம் வெளுத்துவிடும். லென்ஸ் தாளைக் காய்ச்சி வடித்த நீரில் இலேசாக நனைத்து, அழுத்தாமல் துடையுங்கள். சட்டைத் துணியும் கைக்குட்டையும் கூடாது. பழைய கருவியாக இருந்தால், 100 மடங்கு லென்ஸுக்கு விட்ட எண்ணெய் 40-இன் மேல் படிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. கல்லூரி ஆய்வகங்களில் நான் சரிசெய்த 'பழுதான' லென்ஸ்களில் பாதிக்கு மேல் இந்த எண்ணெய்க் கறைதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வெளிச்சம். கண்டென்சரை மேலே உயர்த்தி, விளக்கின் மேல் ஒரு பென்சில் முனையைப் பிடியுங்கள். பொருளும் பென்சில் முனையும் ஒருசேரத் தெளிவாகத் தெரியும் உயரமே கண்டென்சருக்குரிய இடம். பிறகு ஒளியைக் கூட்டிக் குறைக்க உதவும் ஐரிஸ் திறப்பை முழுதும் திறந்து, மெல்ல மூடிக்கொண்டே வாருங்கள். திறந்திருக்கும்போது எல்லாம் வெளுத்திருக்கும், மிகவும் மூடினால் ஒவ்வொரு கோட்டுக்கும் கறுப்புக் கரை கட்டிவிடும். இடையில் ஓரிடத்தில், நிறமற்ற ஒரு செல்லின் சுவரும் உட்கருவும் தாமே எழுந்து நிற்பது போலத் தெரியும். அந்த இடத்தை விரல் தானே கண்டுபிடிக்கும்வரை வேறு எதையும் செய்ய வேண்டாம். நான் மாணவர்களிடம் விளக்கைக் குறைக்கச் சொல்வேனே தவிர, லென்ஸை மாற்றச் சொல்ல மாட்டேன்.

வட்டமான, தடித்த கறுப்புக் கரையுள்ள பந்துகள் தெரிந்தால் அவை காற்றுக் குமிழிகள். கண்ணருகு லென்ஸைச் சுற்றும்போது கூடவே சுற்றும் புள்ளி அந்த லென்ஸில் உள்ள தூசு.

காரைக்குடி வாசகி: வீட்டருகே ஊருணி இருக்கிறது. அதிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தேன்; ஒன்றுமே இல்லை. எப்படி எடுப்பது, எதைப் பார்ப்பது?

நடுநீரை மொண்டு வந்திருப்பீர்கள். தெளிந்த நடுநீரில் உயிர் மிகக் குறைவு. கரையில், படிக்கட்டில், வேரில், அழுகும் இலையில்தான் கூட்டம். அகன்ற வாயுள்ள பாட்டிலில் பாதி அளவு நீரும், கரையோரப் பாசி ஒரு சிட்டிகையும், ஆகாயத்தாமரை வேர் ஒரு துண்டும், படிக்கட்டுக் கல்லில் ஒட்டியுள்ள பழுப்பு வழவழப்பைச் சுரண்டியதும் போட்டுக் கொண்டுவாருங்கள். பாட்டிலை நிரப்பி மூடினால் காற்றின்றி இரவுக்குள் எல்லாம் இறந்துவிடும். கையில் புண் இருந்தால் இறங்க வேண்டாம், நீர் மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் வைக்கும் பாட்டிலின் வாயை மெல்லிய துணியால் கட்டுவதும் கட்டாயம். இல்லையேல் ஒரு வாரத்தில் டெங்குக் கொசுவை நாமே வளர்த்தவர்கள் ஆவோம்.

பட்டு நூல் போல வழுக்கும் பச்சைப் பாசியாக இருந்தால் அது பெரும்பாலும் ஸ்பைரோகைரா. ஓர் இழையை மட்டும் எடுத்து வையுங்கள். கண்ணாடிக் குழலுக்குள் பச்சை நாடாவைத் திருகுச் சுருளாகச் சுற்றி வைத்தது போல அதன் பசுங்கணிகம் தெரியும். பழுப்பு வழவழப்பில் டயாட்டம்கள் இருக்கும். படகு போன்றும் ஊசி போன்றும் உள்ள அவற்றின் ஓடு சிலிக்காவால் ஆனது. சில, கால்களே இல்லாமல் ஸ்லைடின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஆகாயத்தாமரை வேரின் நுனியில் நீண்ட காம்பின் மேல் மணி கவிழ்த்தது போல நிற்பது வோர்ட்டிசெல்லா. மேசையை விரலால் தட்டினால் காம்பு சுருள்வில்லாகச் சுருங்கி, சில நொடிகளில் மெல்ல நீளும். எத்தனை ஆண்டுகள் பார்த்தாலும் அந்தச் சுருக்கம் எனக்குச் சலிக்கவில்லை.

ஒருசெல் உயிரியான பரமீசியம் வேண்டுமானால் வைக்கோல் ஊறல் போடுங்கள். ஒரு கைப்பிடி வைக்கோலை நீரில் கொதிக்கவைத்து ஆறியபின், ஊருணி நீர் சில கரண்டி ஊற்றி நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் மேலே ஆடை படியும், அது பாக்டீரியாக் கூட்டம். பிறகு அவற்றைத் தின்னும் மிகச் சிறிய உயிரிகள் வரும். ஒரு வாரம் பத்து நாளில் அவற்றைவிடப் பெரியவையான, உடல் முழுதும் குறு இழைகள் கொண்ட பரமீசியம் போன்றவை வரும். பஞ்சு இழைகள் சிலவற்றைப் பிரித்து நீர்த்துளியில் போட்டால், வேலிக்குள் அகப்பட்டது போல அவற்றின் வேகம் குறையும்.

இன்னொன்றும் செய்யுங்கள். சுத்தமான ஸ்லைடு ஒன்றை நூலில் கட்டி, ஊருணிப் படிக்கட்டருகே நீருக்குள் ஒரு வாரம் தொங்கவிட்டு எடுங்கள். ஒரு பக்கத்தைத் துடைத்துவிட்டு, மறுபக்கத்தில் ஒட்டி வளர்ந்தவற்றை அப்படியே கவர் ஸ்லிப் போட்டுப் பாருங்கள். கலைக்காத ஒரு சிற்றூரையே கொண்டுவந்ததற்கு ஒப்பாகும். புதுப் புது நீர்நிலை தேடி அலைவதைவிட, ஒரே ஊருணியை ஓராண்டு பார்ப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. பாசியியலில் உலகம் அறிந்த எம். ஓ. பி. ஐயங்கார் சென்னையில் இருந்துகொண்டு, நாம் சேறு என்று தாண்டிப் போகும் மழைக்குட்டைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர். வற்றிவரும் குட்டையின் ஈர வண்டலில் வளரும் ஃபிரிட்ஷியெல்லா என்னும் புதிய பாசிப் பேரினத்தை அவர் 1932-இல் விவரித்தார்.

காஞ்சிபுரம் வாசகர்: பால் துளியை 400 மடங்கில் பார்த்தேன். எண்ணற்ற புள்ளிகள் ஓயாமல் நடுங்குகின்றன. பாலில் இத்தனை கிருமிகளா? இட்லி மாவிலும் அப்படியே தெரிகிறது.

அஞ்ச வேண்டாம், பாலில் நீங்கள் கண்டவை கொழுப்புத் துளிகள். கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமிருந்தும் மோதுவதால் அவை நடுங்குகின்றன. 1827-இல் ராபர்ட் பிரவுன் என்னும் தாவரவியலாளர் மகரந்தத் துகளுக்குள்ளிருந்து வெளிவந்த நுண்பொருள்களில் இதே நடுக்கத்தைக் கண்டு, உயிரின் அசைவோ என்று முதலில் ஐயுற்றார். உயிரே இல்லாத கல்லைப் பொடித்துப் பார்த்தபோதும் அது நடுங்கியது. அதன் காரணத்தை ஐன்ஸ்டைன் 1905-இல் கணக்கிட்டுக் காட்டினார். மூலக்கூறுகள் உண்மையிலேயே இருக்கின்றன என்பதற்கான வலுவான சான்றை நீங்கள் சமையலறைப் பாலில் கண்டிருக்கிறீர்கள். கறந்த பாலையும் பாக்கெட் பாலையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுங்கள். கறந்த பாலில் துளிகள் பெரியவை, சில துளிகள் 10 மைக்ரான் வரைகூட இருக்கும், மெதுவாக அசையும். கொழுப்பைச் சிதைத்துச் சீராக்கிய பாக்கெட் பாலில் அவை மிகச் சிறியவையாகி வேகமாக நடுங்கும். இடம்விட்டு இடம் ஒரு திசையில் நீந்திப் போனால்தான் உயிர் என்று கொள்ளலாம்.

இட்லி மாவின் நிலை வேறு. ஒரு சொட்டு மாவைப் பத்துச் சொட்டு நீரில் கரைத்து வையுங்கள். மூலைகள் கொண்ட சிறு கற்கள் போலக் குவிந்திருப்பவை அரிசி மாவுமணிகள். அயோடின் ஒரு சொட்டை ஓரத்தில் விட்டால் அவை நீலக் கறுப்பாக மாறும். அவற்றுக்கிடையே இரட்டையாகவும் சிறு மாலையாகவும் கோத்திருக்கும் மிகச் சிறிய மணிகள் உண்மையிலேயே பாக்டீரியா. லியூகோநாஸ்டாக் என்னும் அந்த இனம் வெளியிடும் கரியமில வாயுதான் மாவைப் பொங்க வைக்கிறது. அரைத்த உடனே ஒரு ஸ்லைடு, ஆறு மணி நேரம் கழித்து ஒன்று, பொங்கிய பின் ஒன்று என்று பாருங்கள். அப்படியே உருளைக்கிழங்கையும் வாழைக்காயையும் கீறித் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு செடியும் தன் மாவுமணியைத் தனக்கே உரிய வடிவில் செய்கிறது. உணவுப் பொடிகளில் கலப்படம் காண ஆய்வகங்கள் நெடுங்காலமாக இந்த வேறுபாட்டைப் பயன்படுத்துகின்றன. கடையில் வாங்கிய மஞ்சள்தூளில் மட்டும் மணிகள் குழைந்து மஞ்சள் திரளாகத் தெரியும், ஏனெனில் மஞ்சளை வேகவைத்த பிறகே உலர்த்துகிறார்கள்.

சென்னை வாசகர்: கருவியை ஓராண்டு உறையிலேயே வைத்திருந்தேன். இப்போது லென்ஸுக்குள் வலை போல ஏதோ படர்ந்திருக்கிறது.

பூஞ்சை. கடலோர ஈரத்தில் லென்ஸ் பூச்சின் மேல் வளர்ந்து, நாளடைவில் கண்ணாடியையே அரித்துவிடும். பொருளருகு லென்ஸை நீங்களே பிரிக்காதீர்கள். கண்ணருகு லென்ஸை மட்டும் அனுபவம் உள்ளவர் திறந்து துடைக்கலாம். இனிமேல் பிளாஸ்டிக் உறையைத் தவிருங்கள், அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். லென்ஸ்களைக் கழற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மீண்டும் பயன்படுத்தலாம். சமையலுக்கு அந்த வாணலி வேண்டாம். வாரம் ஒருமுறையேனும் எடுத்துப் பார்ப்பதுதான் சிறந்த பாதுகாப்பு. 1897-இல் செகந்திராபாத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றில் கண்ட ரொனால்டு ராஸ், தம் நெற்றி வியர்வையில் நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன என்றும், எஞ்சியிருந்த ஒரே கண்ணருகு லென்ஸும் விரிசல் கண்டிருந்தது என்றும் எழுதியிருக்கிறார். அறுத்து வைத்த கொசுக்கள் பறந்துவிடும் என்பதால் அவரால் விசிறியும் போட்டுக்கொள்ள முடியவில்லை.

நாகர்கோவில் வாசகி: கடற்கரை மணலைப் பார்க்க எந்த நுண்ணோக்கி ஏற்றது?

மணல், பூச்சி, பூவின் பாகம் போன்ற கனமான பொருள்களுக்கு 20 முதல் 40 மடங்கு காட்டும் ஸ்டீரியோ நுண்ணோக்கியே ஏற்றது. மேலிருந்து விளக்கடித்து இரு கண்ணாலும் ஆழத்தோடு பார்க்கலாம். அது இல்லையென்றால் சாதாரண நுண்ணோக்கியின் 4 மடங்கு லென்ஸில், கறுப்புத் தாளின் மேல் மணலைத் தூவி, பக்கவாட்டில் டார்ச் ஒளி தந்து பாருங்கள். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் மாதுளை முத்துப் போன்ற சிவப்புக் கார்னெட்டும், கறுப்பு இல்மனைட்டும், பளிங்கு போன்ற குவார்ட்ஸும் கலந்திருக்கும். அந்த மணலில் உள்ள மோனசைட்டில் தோரியம் இருப்பதால், ஒரு சிட்டிகைக்கு மேல் வீட்டில் சேர்த்துவைக்க வேண்டாம். பழைய கால்குலேட்டர் திரையிலிருந்து பிரித்த இரண்டு போலராய்டு தாள்களில் ஒன்றை ஸ்லைடுக்குக் கீழும் மற்றதைக் கண்ணருகு லென்ஸின் மேலும் வைத்து, பின்னணி இருளும்வரை திருப்பினால், குவார்ட்ஸ் ஒளிரும், கார்னெட் இருளிலேயே நிற்கும். மண்டபம், இராமேசுவரம் பக்கம் போனால் அங்கிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்து வாருங்கள். அங்கே மணலோடு ஃபொராமினிஃபெரா என்னும் ஒருசெல் உயிரிகளின் சுண்ணாம்பு ஓடுகள் நத்தை போலவும் காசு போலவும் கிடக்கும்.

மதுரை வாசகர்: வீட்டாரின் இரத்தத்தைப் பார்த்து நோய் அறிய முடியுமா?

அதில் இறங்க வேண்டாம். பிறர் இரத்தத்தைக் கையாளுவதில் மஞ்சள் காமாலை வைரஸ் போன்ற தொற்று வரும் ஆபத்து உண்டு, நோயைக் கண்டறிவது பயிற்சி பெற்றவர் வேலை. உங்கள் உடலின் செல்லைப் பார்க்க விரும்பினால், பல் குச்சியின் மழுங்கிய முனையால் கன்னத்தின் உட்புறத்தை இலேசாகத் தேய்த்து ஸ்லைடில் தடவி, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விடுங்கள். வண்ணமீன் விற்கும் கடைகளில் அது கிடைக்கும். ஒவ்வொரு செல்லின் நடுவிலும் உட்கரு நீலமாகத் தெரியும்.

திருநெல்வேலி வாசகர்: பார்ப்பவற்றின் பெயர் தெரியாமல் தவிக்கிறேன். கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் போதாதா?

படம் எடுங்கள், ஆனால் முதலில் வரையுங்கள். கைப்பேசியைத் தாங்கியில் பொருத்திக் கண்ணருகு லென்ஸின் மேல் வைத்தால் நல்ல படமே கிடைக்கும். எனினும், வரையும் கைதான் 'குறு இழை உடல் முழுதும் இருந்ததா, வாயருகே மட்டுமா?' என்று கேட்டு மீண்டும் பார்க்க வைக்கும். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தாலே பெயரில் பாதி தெரிந்துவிடும். பேரினம் வரை கண்டால் போதும், சிற்றினம் வரை போவதற்கு வல்லுநர்களே திணறுவார்கள்.

அளவைக் குறிப்பது பெயரைவிடப் பயன் தரும். ஒளி புகும் பிளாஸ்டிக் அளவுகோலை 4 மடங்கு லென்ஸில் வைத்து, வட்டத்தின் குறுக்கே எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணுங்கள். 4.5 என்று வந்தால், 10 மடங்கு லென்ஸில் அது 1.8, 40-இல் 0.45 மில்லிமீட்டர், அதாவது 450 மைக்ரான். வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளம் இருக்கும் உயிரி 150 மைக்ரான். ஏறத்தாழ ஒன்றிரண்டு தலைமுடியின் தடிமன். நாள், இடம், நீரின் நிறம், உடன் இருந்தவை ஆகியவற்றையும் எழுதுங்கள். லண்டனில் 1865-இல் பொழுதுபோக்கு நுண்ணோக்கியாளர்களுக்காகத் தொடங்கிய குவெகெட் சங்கம் இன்றும் நடக்கிறது. வேலைக்குப் போய்வந்து மாலையில் பார்ப்பவர்கள் தம் குறிப்பேடுகளை ஒருவருக்கொருவர் காட்டிக் கற்றதில் வளர்ந்த சங்கம் அது. உங்கள் ஊரிலும் இருவர் கிடைத்தால் போதும், மாதம் ஒருமுறை குறிப்பேடுகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

புதுக்கோட்டை வாசகி: எங்கள் ஊர்க் கண்மாய் வற்றிவிட்டது. மழை வரும்வரை என்ன பார்ப்பது?

மொட்டை மாடிக்குப் போங்கள். மழைநீர் வடியும் குழாயின் வாயருகே காய்ந்து பொருக்காகக் கிடக்கும் வண்டலையோ, கைப்பிடிச் சுவரில் கறுத்துக் காய்ந்த பாசியையோ ஒரு தேக்கரண்டி சுரண்டி எடுங்கள். கிண்ணத்தில் இட்டு, கொதிக்கவைத்து ஆறிய நீரை ஊற்றி மூடுங்கள். குழாய் நீரில் குளோரின் இருக்கலாம் என்பதாலும், நீரிலிருந்து எதுவும் புதிதாக வந்து சேரக்கூடாது என்பதாலும் கொதிக்கவைக்கச் சொல்கிறேன். லீவன்ஹூக் 1702-இல் தம் வீட்டுக் கூரைத் தூம்பில் காய்ந்து கிடந்த வண்டலை இப்படித்தான் நனைத்துப் பார்த்தார்.

ஒரு மணி நேரம் கழித்து அடி வண்டலில் ஒரு சொட்டு எடுத்து, 10 மடங்கு லென்ஸில், ஐரிஸ் திறப்பைக் குறைத்துப் பாருங்கள். மண்துகள்களுக்கிடையே நிறமற்ற சிறு உருண்டைகள் தெரியும். அவை ரோட்டிஃபர்கள், காய்ந்த காலம் முழுதும் தம்மைச் சுருட்டிக்கொண்டு அங்கேயே கிடந்தவை. சிறிது நேரத்தில் ஓர் உருண்டை நீளும், அட்டை போல ஊன்றி ஊன்றி நகரும், பிறகு ஓரிடத்தில் வாலை ஊன்றிக்கொண்டு தலையில் இரண்டு சக்கரங்கள் சுழல்வது போலக் குறு இழைகளை விரிக்கும். முதல் ஸ்லைடில் ஒன்றும் அசையாவிட்டால் கிண்ணத்தைக் கொட்டிவிடாதீர்கள். மாலையில் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள், மறுநாள் காலையிலும் ஒன்று பாருங்கள்.